இடது பிரேக் பற்றிய புகார்

மார்ச் 4, திங்கள்

இந்த நோட்டை இன்று தொடங்குகிறேன். காரணம், சென்னியப்பன் சைக்கிள் கடை மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. புகார் என்றால் தேதி வேண்டும். பூளவலசுப் பேரூராட்சியின் குடிநீர்ப் புகார் மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். "நெம்ப நாளா தண்ணி வரலீங்க" என்று யாராவது போனில் ஆரம்பித்தால், "எந்தத் தேதியில இருந்துங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். தேதி சொல்லத் தெரியாதவர்களின் புகாரைப் பாதிக் காதில்தான் வாங்கிக்கொள்வேன். என் புகாருக்கு அந்தக் கதி வரக்கூடாது.

விஷயம் இதுதான். என் லேடீஸ் சைக்கிளின் இடது பிரேக் இறுகிக் கிடக்கிறது. லிவரைப் பிடித்தால் அசைவேனா என்கிறது. காலையில் கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எப்ப இருந்துங்கம்மா?" என்றார் சென்னியப்பன் அண்ணன்.

"பொங்கல் கழிஞ்சு ஒரு நாள்ல இருந்துங்கண்ணா" என்றேன். சொன்ன பிறகுதான் அதுவும் தேதி இல்லை என்று உறைத்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எண்ணெய் காஞ்சிருக்குமுங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க."

சாயங்காலம் வண்டி தயாராக இருந்தது, துடைத்தும் வைத்திருந்தார். நேரம் தவறாததற்கு முழு மதிப்பெண். பிரேக்குக்குப் பூஜ்யம். அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 6, புதன்

மறுபடியும் போனேன். "அப்படிங்களா" என்றார்.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். முப்பது வருடமாகக் கடை நடத்துகிறார். ஒரு வாடிக்கையாளரிடமாவது 'இல்லை', 'முடியாது', 'நீங்கள் சொல்வது தப்பு' என்று அவர் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. லாரி ஏறி அப்பளமாகிப்போன சைக்கிளைக் கொண்டுவந்து போட்டு, "கொஞ்சம் சத்தம் வருதுங்க" என்று சொன்னாலும், "அப்படிங்களா, பாத்தர்லாமுங்க" என்பார். அவர் மனைவி பாப்பாத்தியக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "இதைய பழைய இரும்புக்குப் போடுங்க சாமி" என்று உண்மையைச் சொல்லும்.

இன்றைக்குப் பிரேக் ஒயரை மாற்றினார். புது ஒயர். நான் பிடித்துப் பார்த்தேன். கல் போல இருந்தது.

"இன்னும் இறுக்கமாத்தானுங்க இருக்குது."

"அப்படிங்களா" என்றார் மறுபடியும்.

மார்ச் 9, சனி

காப்பி டம்ளர் கை நழுவி விழுந்தது. எவர்சில்வர் டம்ளர்களை இப்போதெல்லாம் ரொம்ப வழவழப்பாகச் செய்துவிடுகிறார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

நான்காவது முறை. ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "இப்பப் புடிச்சுப் பாருங்கம்மா" என்று நம்பிக்கையோடு சொன்னார். பிடித்தேன். பாதிகூட வரவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பிரேக் சரியாகுமா? இன்னும் ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு வண்டியை அங்கேயே விட்டு வந்தேன். வேலைக்குக் காலையில் ஐந்து கிலோமீட்டர், எட்டே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது பதினொன்றுக்கு. சைக்கிள் இல்லாமல் நான் இந்த ஊரில் கால் இல்லாதவள்.

அலுவலகத்தில் ஏழாவது வார்டிலிருந்து ஒருவர் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டுக் கத்தினார். "ஆள் கிளம்பியாச்சுங்க" என்றேன். ஆள் அப்போது என் எதிரில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அது வேறு விஷயம்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். கடை பூட்டு. சென்னியப்பன் அண்ணன் பழனிக்கு நடை போயிருக்கிறார்.

காங்கேயத்துக்கு வீடியோ கால் போட்டு என் அக்காவிடம் பேசினேன். படுத்தபடியே வலது கையை ஆட்டியது. இடது கை போர்வைக்குள் இருந்தது. பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில்தான் இருக்கிறது. அக்காவுக்கும் முதலில் டம்ளர்தான் விழுந்தது. அப்போது அக்காவுக்கு ஐம்பது வயது. எனக்கு வருகிற ஆவணியில் ஐம்பது. இதெல்லாம் இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை. சைக்கிள் புகார் நோட்டில் இதற்கு இடமும் இல்லை.

ஏப்ரல் 3, புதன்

சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிற குட்டி லிவர் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார். விரல் எட்டுவதற்குச் சுலபமாம். யோசனை நல்லதுதான். பலன் இல்லை.

பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவர், "ரெண்டு பிரேக் கட்டையும் தீவாளிக்கு ஒரே நாள்ல போட்டதுங்க. முன்னாடி கட்டை இரும்பு தெரியத் தேஞ்சு போச்சு. பின்னாடி கட்டை இன்னும் புதுசாவே இருக்குதுங்களே" என்றார். இடது லிவர்தான் பின் பிரேக்.

"பிரேக் புடிக்க வந்தாத்தானுங்கண்ணா தேயும்?" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதிலை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது போன். காலை பத்துக்கு எடுத்த ரிசீவர் மதியம் வரை காதிலிருந்து இறங்குவதில்லை. சேலைக்குப் பின் குத்த இன்று கால் மணி நேரம் ஆயிற்று. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய்க் கிடக்கின்றன. கையை மடித்து வைத்துத் தூங்கினால் அப்படித்தான் ஆகும். இந்தப் பின்னும் மட்டம். வேறு கடையில் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

என் வாழ்நாளில் ஒரு கடையில் இப்படி அவமானப்பட்டதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இது ஏழாவது முறை. கடையில் இரண்டு மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல, "இன்னும் இறுக்கமாத்தானுங்க இருக்குது" என்றேன். சென்னியப்பன் அண்ணன் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார். பிறகு பாப்பாத்தியக்காவைக் கூப்பிட்டு, "ரெண்டு வெரல்ல புடி" என்றார். அது பஞ்சர் பசை ஒட்டிய இரண்டு விரலால் பிடித்தது. லிவர் வெண்ணெய் போல வந்தது.

பஞ்சர் ஒட்டுகிறவர்களின் விரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா, நீங்க இதே லிவரை வலது கையில புடிச்சுப் பாருங்க" என்றார்.

பிடித்தேன். எனக்கும் வந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ அவரை அடிக்கப்போவது போல, மெதுவாகச் சொன்னார்: "குறை வண்டீல இல்லீங்கம்மா."

"அப்ப எங்கீங்க இருக்குது?"

"ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிப்போடுங்களேன்."

ஊரில் எல்லோருக்கும் "அப்படிங்களா" சொல்கிறவர் எனக்கு மட்டும், அதுவும் நாலு பேர் முன்னால், குறை உன்னிடம் என்கிறார். தன் வேலை சரியில்லை என்றால் சரியில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே? "உங்களால முடியலீன்னா முடியலீன்னு சொல்லுங்க. ஏழு தடவை இழுத்தடிச்சுப்போட்டு எங்கையக் குத்தம் சொல்லாதீங்க. உங்க கைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பாப்பாத்தியக்கா, "கண்ணு, நில்லு கண்ணு" என்று பின்னால் கூப்பிட்டது. நிற்கவில்லை.

இந்த நோட்டு முழுவதையும் நகலெடுத்து எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புவேன்.

ஏப்ரல் 17, புதன்

இன்று அந்தக் கடையைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிற சைக்கிள் ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா. உள்ளே நுழைந்ததும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். டோக்கன் கொடுத்தார்கள். டை கட்டிய பெண் ஒருத்தி, "சொல்லுங்க மேடம்" என்று மூன்று முறை சொன்னாள். இடது பிரேக் இறுக்கம் என்றேன். "கண்டிப்பா மேடம், பழசாயிருச்சு மேடம், முழு செட்டும் மாத்திரலாம் மேடம்" என்றாள். என் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுதான் மரியாதை.

ஒரு மணி நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "இப்ப ஓகேவா மேடம்?" என்று கேட்டாள். லிவரைப் பிடித்தேன்.

"ஓகே" என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஷோரூமிலிருந்து போனில் செய்தி வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போடச் சொன்னார்கள். ஐந்து போட்டேன்.

ஓசூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, "என்னம்மா சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல சாமி, கிண்ணம்."

"நேத்தும் கிண்ணந்தான சொன்ன?"

இன்னொரு கிண்ணம் என்றேன்.

ஏப்ரல் 24, புதன்

வலது கையால்தான் எழுதுகிறேன், எப்போதும் போல. இடது முழங்கையிலும் முழங்காலிலும் கட்டு. உதடு வீங்கியிருக்கிறது.

காலையில் வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்துக்குக் கீழிருந்து ஒரு பட்டி ஆடு ரோட்டில் ஏறியது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பிடித்தேன் என்று நினைத்தேன். முன் சக்கரம் மட்டும் நின்றது. பின் சக்கரம் நிற்கவில்லை. நான் ஆடுகளுக்கு நடுவே போய் விழுந்தேன். ஆட்டுக்காரப் பெண்தான் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "பிரேக் புடிக்கலீங்களா?" என்று கேட்டாள்.

பிரேக் பிடிக்கும். புத்தம் புது பிரேக். என் கைதான் பிடிக்கவில்லை. லிவர் மேல் விரல் இருந்தது, அவ்வளவுதான். இதை இந்த நோட்டில் இன்றைக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் எனக்கு இன்றைக்குத் தெரிந்த விஷயம் இல்லை. டம்ளர் விழுந்த அன்றே தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அக்காவுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிவிடுவார்கள் என்று பயம். பிரேக் இறுக்கம் என்று யாராவது ஒத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

பாப்பாத்தியக்கா வந்தது. பாலத்தில் கிடந்த என் சைக்கிளை அதுதான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ரசமும் சாதமும் தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்தது. என்னைத் திட்டப்போகிறது என்று நினைத்தேன். திட்டவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணு, நீ எங்க கடைக்கு மறுக்கா வராட்டியும் பரவால்ல. எங்கூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப்போடு."

"என்னன்னுங்க்கா?"

"அவரு நேத்துல இருந்து சோறு திங்கலை. அவரு போட்ட பிரேக்குலதான் நீ உழுந்துட்டீன்னு இருக்கறாரு. அந்தப் பிரேக்கைக் கழட்டிப்போட்டு ஷோரூம்ல புதுசு போட்டிருக்குதுன்னு வண்டியவே கொண்டுபோயி முன்னால நிறுத்திக் காட்டிட்டேன். நம்ப மாட்டேங்கறாரு. ஏழு தடவை பாத்தும் நான் என்னமோ உட்டுட்டேன், அந்த ரிம்முல கோணல் இருந்திருக்கும், அதையும் நான் பாக்கலீங்கறாரு."

"அன்னைக்குக் குறை வண்டீல இல்லீன்னு அவருதானுங்க சொன்னாரு?"

"சொன்னாரு. அதுக்கு நீ 'உங்க கைதான் சரியில்ல'ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டீல்ல. அந்தம்மா ஊருப் புகாரெல்லாம் கேக்கறவங்க, குறை எங்க இருக்குதுன்னு தெரியாமயா சொல்லுவாங்கன்னுட்டாரு. அன்னைல இருந்து பிரேக் வேலைன்னு எவரு வந்தாலும் பைபாஸுக்குப் போகச் சொல்லிர்றாரு. எங்கை சரியில்லீங்கன்னு அவரு வாயாலயே சொல்றாரு கண்ணு."

கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியம். வீட்டுக்கு வந்ததும் அதைப் பெருமையாக இந்த நோட்டில் வேறு எழுதி வைத்திருக்கிறேன். நான் என் கையைச் சந்தேகப்பட வேண்டிய நாட்களில் எல்லாம் அந்த மனிதர் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்காக ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. அவருடைய பிரேக்குக்காகப் போகிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் சரி, குறை எங்கே இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி வந்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

மே 3, வெள்ளி

கோயம்புத்தூர். மகளிடம் சொல்லிவிட்டேன். ஓசூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு முன்பே நின்றாள். திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள்.

கையில் ஊசிகளும் ஒயர்களும் வைத்து நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள். நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்றாள்.

"குடிநீர்ப் புகார் மேசைங்க."

"போனை எந்தக் கையில புடிப்பீங்க?"

"இடது கையிலங்க. வலது கையில பதிவேடு எழுதோணுமுங்களே."

"முழங்கையை மேசைல ஊனிக்கிட்டு, மடக்கி, காதுல வெச்சுக்குவீங்க."

"ஆமாங்க."

"எத்தனை வருஷமா?"

சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என் முழங்கையின் உள்பக்கம் ஒரு இடத்தைத் தட்டினாள். சுண்டு விரல் வரைக்கும் சுரீர் என்று இழுத்தது. அங்கேதான் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். பக்கவாதம் இல்லை. அந்த வார்த்தையை இரண்டு முறை சொல்லச் சொன்னேன். இல்லை, இல்லவே இல்லை என்று சொன்னாள். இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டிருந்தால் கை சூம்பிப்போயிருக்கும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள். இப்போதைக்கு ஆப்பரேஷன் வேண்டாம். ராத்திரி கையை மடக்காமல் இருக்கப் பட்டை கட்ட வேண்டும், போனைக் காதில் வைக்கவே கூடாது, பயிற்சி செய்ய வேண்டும்.

அப்போதுதான் அழுதேன். டாக்டர் முன்னால், மகள் முன்னால், மூக்கு ஒழுக.

எழுந்திருக்கும்போது, "குறை கையிலதான், வண்டீல இல்லைன்னு ஒரு வரி தமிழ்ல எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்டேன். மகள் என் காலை மிதித்தாள். டாக்டருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும் சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கேட்காமலே முத்திரையும் குத்திக் கொடுத்தாள்.

மே 4, சனி

காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனேன். வேண்டுமென்றே கூட்டம் இருக்கிற நேரத்தில் போனேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

சென்னியப்பன் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் சீட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். மரகதமணி, வயது நாற்பத்தொன்பது, இடது கை நரம்புப் பாதிப்பு, பிடிமானம் குறைவு, இவருடைய சைக்கிள் பிரேக்கில் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. "உங்க கை சரியில்லீன்னு சொன்னது தப்புங்கண்ணா. எங்கைதான் சரியில்ல. ஏழு தடவையும் நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கறீங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்றார்.

அந்தச் சீட்டை வாங்கி, படிக்கத் தெரிந்தும் படிக்காமல், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். ஒரு முகத்தைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. பாப்பாத்தியக்கா என்னைப் பார்க்காமல் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தவர், ஓரமாக நின்றிருந்த ஒரு பால்காரரின் சைக்கிளை இழுத்து நிறுத்தினார். "பிரேக்குன்னு சொன்னீங்கல்ல? குடுங்க, பாத்தர்லாமுங்க" என்றார்.

மே 7, செவ்வாய்

என் வண்டியும் வந்துவிட்டது. கோணலை நிமிர்த்தி, இடது பக்கம் மெல்லிய ஸ்பிரிங்கும் மெத்தென்ற ரப்பர் கட்டையும் போட்டு, இரண்டு விரலுக்கே பிடிக்கும்படி தளர்த்தி வைத்திருக்கிறார். "இது உங்க கைக்கு மட்டுமுங்க. வேற ஆருக்கும் குடுக்காதீங்க" என்றார். பாலத்து இறக்கத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எந்த ஷோரூமில் இப்படிச் சத்தியம் வாங்குவார்கள்?

மே 20, திங்கள்

காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன் வந்துவிட்டது. இரண்டு கையும் சும்மா இருப்பது கூச்சமாக இருக்கிறது. ஏழாவது வார்டுக்காரர் கூப்பிட்டார். "ஆள் கிளம்பியாச்சுங்க" என்று வாய் வரைக்கும் வந்தது. "ஆள் கிளம்பலீங்க. மோட்டார் பழுது. வெள்ளிக்கிழமைதான் சரியாகும்" என்றேன். "இதைய முன்னாடியே சொல்லியிருந்தா நான் தண்ணி லாரிக்குச் சொல்லியிருப்பனுங்களே" என்றார், கோபமே இல்லாமல்.

ஜூன் 8, சனி

சனிக்கிழமை சாயங்காலம் கடை வழியாக வருவது வழக்கமாகிவிட்டது. "பிரேக் எப்படிங்க இருக்குது?" என்று கேட்பார். அவர் கேட்பது பிரேக்கைப் பற்றி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பரவால்லீங்க" என்பேன். உண்மையில் முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

டம்ளர் விழுந்தது.

ஜூன் 30, ஞாயிறு

காங்கேயம் போய் அக்காவைப் பார்த்தேன். இத்தனை நாள் மறைத்ததைச் சொன்னேன். எனக்கும் உன்னைப்போல ஆகிவிடுமோ என்று பயந்தேன் என்பதை அக்காவிடமே சொல்வது எப்படி என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். கடைசியில் அப்படியே சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பேச்சு இன்னும் குழறும். என் இடது கையைத் தன் வலது கையில் எடுத்து ஒவ்வொரு விரலாகப் பிசைந்துவிட்டது. புறப்படும் வரைக்கும் விடவில்லை.

ஜூலை 17, புதன்

சுண்டு விரலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பார்த்தால் எறும்பே ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்பு ஊர்வது தெரிகிறது! தட்டிவிட மனமில்லாமல் மணிக்கட்டு வரை போகவிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சேலைப் பின், ஒரே குத்தில்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் வாய்க்கால் பாலத்தில் இறங்கித் தள்ளாமல் போனேன். சத்தியத்தை மீறியது தப்புதான். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை, ஆடும் இல்லை. பாதி இறக்கத்தில் இடது பிரேக்கைப் பிடித்தேன். லிவர் சரசரவென்று வந்து கைப்பிடியில் டக்கென்று இடித்தது. வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வலது பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன்.

என்ன வேலை செய்திருக்கிறார் இந்த மனிதர் என்று சுருக்கென்று கோபம் வந்தது. மறுபடி பிடித்தேன். மறுபடியும் வந்து இடித்தது. மூன்றாம் முறை பிடிக்கும்போதுதான், இடிக்கிற வரைக்கும் இழுப்பது என் இடது கை என்பது மண்டையில் ஏறியது. நடு ரோட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பைத்தியக்காரி மாதிரி அந்த லிவரைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்துக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பினேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இடது பிரேக்குல ஒரு புகாருங்க" என்றேன்.

ஸ்பேனரைப் பிடித்த கை அப்படியே நின்றது. பாப்பாத்தியக்கா டியூபை விட்டுவிட்டு எழுந்தது.

"மறுபடியும் இறுக்கமுங்களா?"

"இல்லீங்க. லூசா இருக்குது. நெம்ப லூசு. புடிச்சா வந்து கையில இடிக்குது."

"இருக்காதுங்களே" என்றார். அவர் வாயில் நான் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. கிட்டே வந்து, "புடிங்க" என்றார். பிடித்தேன். அவர் லிவரைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். "இன்னொருக்கா" என்றார். பிடித்தேன். சுண்டு விரல்கூட வெள்ளையாகி அழுத்தியது.

அவர் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து நட்டை ஒரு சுற்றுத் திருப்பினார்.

"இப்ப?"

"லூசுதானுங்க."

இன்னொரு சுற்று.

"இப்ப?"

"இன்னும் லூசுங்க."

குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், அதை மறைக்க எனக்குத் தோளும் தேவைப்படவில்லை. "இறுக்குங்கண்ணா, நல்லா இறுக்குங்க" என்றேன்.

பின்னால் நின்றிருந்த ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, ஒரு மணி நேரமா நிக்கறமுங்க. எங்களையும் கொஞ்சம் பாருங்க" என்றார்.

"பொறுங்க" என்றார் சென்னியப்பன் அண்ணன், திரும்பிப் பார்க்காமலே. "இங்க ஒரு புகார் பாத்துட்டிருக்கறனுங்க."